வெள்ளை விரிப்பில் மூன்று மணி நேரம்

முத்துலட்சுமி கல்யாணமாகி மேற்கு மாம்பலம் வீட்டுக்கு வந்த முதல் வாரத்திலேயே ஒன்றைக் கவனித்துவிட்டாள். நாத்தனார் ஜெயபாரதி எங்கே உட்கார்ந்திருந்து எழுந்தாலும், வீட்டில் இருக்கிற ஒருவர் கண்ணும் அவள் முகத்துக்குப் போகாது. அவள் உட்கார்ந்திருந்த இடத்துக்குப் போகும். மாமனார் சுயம்புலிங்கம் பேப்பரைத் தாழ்த்திப் பார்ப்பார். மாமியார் பங்கஜம் அடுக்களையிலிருந்து எட்டிப் பார்ப்பாள். புருஷன் ஜவஹர் பார்த்துவிட்டு, பார்க்காதவன்போல மேலே ஃபேனைப் பார்ப்பான். தரை காய்ந்திருந்தால் எல்லோருக்கும் மூச்சு வரும். பத்தே நாளில் முத்துலட்சுமியும் அப்படிப் பார்க்கப் பழகிவிட்டாள். வெட்கக்கேடு, ஆனால் உண்மை அதுதான்.

பாரதிக்குப் பிறவிக் கோளாறு. மூத்திரப்பை சரியாக அமையாமல் பிறந்தவள். நமக்கெல்லாம் பை நிறைந்தால் நிறைந்தது என்று தெரியும், எழுந்து போய்விட்டு வருவோம். அதில் என்ன அதிசயம் என்று யாராவது யோசித்திருக்கிறோமா? அவளுக்கு நிறைந்ததும் தெரியாது, பை தானாகச் சுருங்கிக் காலியாகவும் செய்யாது. நிரம்பி, கொஞ்சம் கொஞ்சமாக வழிந்துகொண்டே இருக்கும். நாலு வயதில் ஒன்று, ஏழு வயதில் ஒன்று என்று இரண்டு ஆபரேஷன் ஆயிற்று, இரண்டும் பலிக்கவில்லை. ஒன்பதாம் வகுப்பில் ஒருநாள் பள்ளிக்கூடத்துப் பெஞ்சில் நடந்ததோடு படிப்பு நின்றது. அன்றைக்கு உள்ளறைக்குள் போனவள் ஒரு வருஷம் வாசல் பக்கம் வரவில்லை.

ஆனால் அந்த உள்ளறையில் உட்கார்ந்துகொண்டு அந்தப் பெண் கற்றுக்கொண்டது இருக்கிறதே, அடேயப்பா! சுயம்புலிங்கத்துக்கு தி.நகர் ரங்கநாதன் தெருவை ஒட்டிய சந்தில் ஜவுளிக்கடை. கடையில் மிச்சம் விழும் துண்டுத்துணி எல்லாம் மூட்டையாக வீட்டுக்கு வரும். பாரதி தனக்கு வேண்டிய மடிப்புத் துணிகளை அதிலிருந்துதான் தைத்துக்கொள்வாள். மெல்லிய மல் எவ்வளவு உறிஞ்சும், முரட்டுக் காடா எவ்வளவு தாங்கும், எந்தப் பாப்ளின் நாலு துவையலில் பல்லிளிக்கும் என்று உடம்போடு உடம்பாக வைத்துப் பார்த்துத் தெரிந்துகொண்டவள் அவள். ஒரு துணி மேல் ஒரே ஒரு சொட்டுத் தண்ணீர் விடுவாள். அது பரவுகிற விதத்தைப் பார்த்து, "இது அறுபதாம் நம்பர் சன்ன நூல்னு சொல்லி நாப்பதாம் நம்பர் மோட்டா நூலக் குடுத்திருக்கான். மிச்சமெல்லாம் கஞ்சி" என்பாள். ஒரு தடவையும் தப்பியதில்லை. முப்பது வருஷம் ஜவுளி பார்த்த சுயம்புலிங்கம், சரக்கு எடுப்பதற்கு முன்னால் மாதிரித் துண்டை மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு மகளிடம் வருவார். வெளியே யாரிடமும் சொல்லமாட்டார்.

எழுபத்தாறாம் வருஷம் சித்திரையில் பாரதிக்குக் குளிர்காய்ச்சல் வந்தது. முதுகு வலி, வாந்தி. பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனபோது, நீரஜா என்று ஒரு சின்ன வயது டாக்டரம்மாள் பார்த்தாள்.

"நாளைக்கு எவ்வளவு தண்ணி குடிக்கிற?"

"ஒரு டம்ளர்."

"காலைல ஒரு டம்ளரா?"

"இல்ல டாக்டர். நாள் முழுக்க அவ்வளவுதான்."

டாக்டரம்மாள் பேனாவை மூடிவிட்டு மாமியாரையும் மருமகளையும் ஒரு பார்வை பார்த்தாள். முத்துலட்சுமிக்கு நிலம் பிளந்தால் உள்ளே போய்விடலாம்போல இருந்தது. தண்ணீர் குறைந்தால் ஈரம் குறையும் என்று அந்த வீட்டில் எல்லோரும் சேர்ந்து கணக்குப் போட்டிருந்தார்கள். கோடையில்கூடக் காலையில் அரை, ராத்திரி அரை டம்ளர்தான் ஊற்றிக் கொடுப்பார்கள். முத்துலட்சுமியும் அதே அளவில் ஊற்றியவள்தான். பாசத்தோடுதான் செய்தார்கள், ஆனால் அந்தப் பாசம் பெண்ணின் சிறுநீரகத்தைத் தின்றுகொண்டிருந்தது.

"தேங்கி நிக்கிறதுதான் விஷம்," என்றாள் டாக்டர் நீரஜா. "வழியறது மேலே தெரியுது, தேங்கறது தெரியல. நிறையத் தண்ணி குடிக்கணும். மூணு மணி நேரத்துக்கு ஒரு தடவை பையை முழுசாக் காலி பண்ணிடணும். ஒரு சின்ன ரப்பர் குழாய். நீயே போட்டு நீயே எடுக்கணும். வெளிநாட்டுல இப்பத்தான் ஆரம்பிச்சிருக்காங்க. கொதிக்க வைக்கிறது, கையுறை, அதெல்லாம் வேண்டாம். சோப்புப் போட்டுக் கழுவின கை, கழுவின குழாய். அது போதும்."

பங்கஜம் வராந்தாவுக்கு வந்ததும் மருமகள் கையைப் பிடித்துக்கொண்டாள். "கல்யாணமாகாத பிள்ளட்டி. அங்க போயி குழாயப் போடச் சொல்லுதாளே. நாளைக்கு ஒருத்தன் கேட்டா என்ன பதில் சொல்ல?"

"அத்தை, மூத்திரம் வார வழி வேற, பிள்ள வார வழி வேற. டாக்டரம்மா படம் போட்டுக் காட்டினாங்கல்லா?"

பங்கஜம் பிடித்திருந்த கையை விட்டாள். "நாலு பெத்தேன். இத எனக்கு ஒருத்தரும் சொல்லலியே," என்றாள். அதோடு அந்த எதிர்ப்பு முடிந்தது.

கற்றுக் கொடுத்தது நர்ஸ் ஹாஜிரா பீ. வாட்ட சாட்டமான மனுஷி. வாய் ஓயாது.

"இன்னாம்மா இப்டி நடுங்குறே? பாம்பா இது? ரப்பர் குழா. கண்ணாடிய இப்டி வச்சுக்க. குனிஞ்சு பாரு. உன் உடம்பத்தானே பாக்குறே, ஊரான் வூட்டு ஜன்னலயா எட்டிப் பாக்குறே? ஆங், அப்டித்தான்."

மூன்று தடவை தவறிவிட்டது. பாரதி உதட்டைக் கடித்துக்கொண்டு நாலாவது தடவை போட்டாள். கீழே வைத்திருந்த பேசினில் சிறுநீர் சடசடவென்று விழுந்தது. பத்தொன்பது வயதில் முதல் தடவையாகத் தன் உடம்பு தன் பேச்சைக் கேட்கும் சத்தம் அது. பாரதி தலை நிமிர்ந்து சிரித்தாள். "மதினி, நானே எடுத்தேன் மதினி!" ஹாஜிரா பீ முக்காட்டை இழுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சரி சரி, குழாயக் கழுவு. அதையும் நானா சொல்லணும்?" என்று அதட்டினாள்.

அதற்குப் பிறகு அந்தப் பெண் காட்டிய ஒழுங்கைச் சொன்னால் நம்பமாட்டீர்கள். குழாய் ஒரு பச்சை சோப்பு டப்பாவுக்குள் இருக்கும். காலை ஏழு, பத்து, ஒன்று, நாலு, ஏழு, படுக்கப் போகும்போது பத்து. கூடத்துச் சுவர்க்கடியாரம் அடிப்பதும் இவள் எழுந்து போவதும் ஒன்றாக இருக்கும். விருந்தாள் வந்தாலும் சரி, இலையில் சோறு விழுந்தாலும் சரி. மற்றவர்களுக்கு வயிறு மணி சொல்லும், இவளுக்குச் சுவர்தான் சொல்லவேண்டும். ஒரு மாதத்தில் காய்ச்சல் போயிற்று. மூன்று மாதத்தில் படுக்கையில் விரித்திருந்த ரப்பர் ஷீட்டைச் சுருட்டிப் பரணில் போட்டாள். அன்றைக்கு ஒரு செம்புத் தண்ணீரை அண்ணாந்து மடமடவென்று குடித்துவிட்டு, அவள் வாயைத் துடைத்த துடைப்பைப் பார்த்து முத்துலட்சுமி உள்ளே போய் அழுதாள்.

ஆனால் என்ன? அவள் எழுந்தால் எல்லோரும் இன்னமும் தரையைத்தான் பார்த்தார்கள். பழக்கம் சட்டென்று போகிறதா?

அடுத்த வருஷம் ஐப்பசி பிறந்ததும் பாரதி அப்பா முன்னால் போய் நின்றாள்.

"அப்பா, தீபாவளி சீசனுக்கு நான் கடையில உக்காரணும். சேலப் பக்கம்."

சுயம்புலிங்கம் கடையைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். பழைய முறைக் கடை. மேஜை, கவுண்டர் எல்லாம் கிடையாது. செருப்பை வாசலில் விட்டுவிட்டு உள்ளே வந்தால் சுவருக்குச் சுவர் மெத்தை, அதன்மேல் சலவை மடிப்புக் குலையாத வெள்ளை விரிப்பு. வாங்குகிறவரும் விற்கிறவரும் அதில் சம்மணம் போட்டு உட்கார்ந்துதான் வியாபாரம். அந்த வெள்ளையில் ஒரு காப்பிச் சொட்டு விழுந்தாலே சுயம்புலிங்கம் விரிப்பை மாற்றச் சொல்லிவிடுவார். மங்களமான சேலை விரிக்கிற இடம், கறை இருந்தால் கல்யாணப் பார்ட்டி முகம் சுளிக்கும் என்பார்.

"வெள்ள விரிப்புட்டி அது," என்றார் சுயம்புலிங்கம், மெதுவாக.

"தெரியும்ப்பா. ஒரே ஒரு நாள் உக்காருதேன். ஞாயித்துக்கிழமை. ஒரு சொட்டு விழுந்தா அதுக்கப்புறம் உங்க கடைப்படி ஏறமாட்டேன். நீங்க வரவேண்டாம்னு சொல்லக்கூட வேண்டாம்."

அந்த வார்த்தையின் கனம் முத்துலட்சுமிக்குத் தெரியும். பெஞ்சில் நடந்தது வெள்ளை விரிப்பில், நூறு பேர் நடுவில் நடந்தால் இவள் மறுபடி உள்ளறைக்குள் போய்விடுவாள். அப்புறம் எந்த டாக்டரம்மாள் வந்தாலும் வெளியே கொண்டுவர முடியாது. அதனால் சனிக்கிழமையே நாத்தனாரைக் கூட்டிக்கொண்டு போய்க் கடையை ஒரு அலசு அலசினாள். பின்கட்டுக் கக்கூஸைத் தேய்த்துக் கழுவி, ஒரு வாளி, ஒரு சோப்பு, ஆணியில் ஒரு கைக்கண்ணாடி எல்லாம் வைத்தார்கள். சேலைப் பக்கத்து விரிப்புக்கு நேர் எதிர்ச்சுவரில் பெரிய பெண்டுலக் கடியாரம் இருந்தது. உட்கார்ந்த இடத்திலிருந்தே தெரிந்தது.

"இது போதும் மதினி," என்றாள் பாரதி. "பத்துக்குப் போயிட்டு உக்காந்தா ஒண்ணு. பெறவு நாலு. பெறவு ஏழு."

"எதுக்கும் ஒரு மடிப்புத் துணி வச்சுக்கயேன்."

"வச்சா நானே என்னைய நம்பலன்னு ஆயிரும்." அதோடு பேச்சு முடிந்தது. பிடிவாதம் என்றால் அப்படி ஒரு பிடிவாதம்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அரக்கு நிறச் சின்னாளப்பட்டிச் சேலை கட்டி, சோப்பு டப்பாவைத் தோல்பையில் போட்டுக்கொண்டு பாரதி அப்பாவோடு போனாள். முத்துலட்சுமிக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. குழம்பில் உப்பை இரண்டு தடவை போட்டாள். ஒன்றடிக்கக் கால்மணி இருக்கும்போது ஜவஹர் சாப்பிட வந்தான். கக்கத்தில் வேட்டியில் சுற்றிய ஏதோ ஒரு பொட்டலம். அதைப் பத்திரமாகக் கட்டிலில் வைத்தான். உள்ளேயிருந்து "டங்" என்று ஒரு சத்தம் வந்தது.

"என்னது அது?"

"கடக் கடியாரம். இன்னைக்கு சீசன் ஆரம்பம்லா, முத போணி ஆனதும் அப்பா கழத்தச் சொல்லிட்டாரு. எப்பவும் கடப் பரண்ல கெடக்கும், இந்தத் தடவ அங்க சரக்கு நெறஞ்சுட்டு. சீசன் முடியுற வரைக்கும் வீட்லதான் கெடக்கும்."

"எதுக்கு?"

"எதுக்கா? மணியப் பாத்தா பார்ட்டி எந்திரிச்சுப் போயிரும்லா. கடையில நேரமே தெரியக்கூடாது. சேல்ஸ்மேன் கையிலகூட வாட்ச் கெடயாது, எல்லாத்தையும் கழத்திப் பெட்டியில போட்டாச்சு. வருஷா வருஷம் நடக்கதுதானே..." பேசிக்கொண்டே வந்தவன் பெண்டாட்டி முகத்தைப் பார்த்து நிறுத்தினான். "ஐயையோ," என்றான்.

முத்துலட்சுமி கையைக்கூடக் கழுவவில்லை. புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு ஓடினாள். தெருவில் தூறல். மாம்பலம் ஸ்டேஷன் பாலத்துப் படியில் எதிரே வந்த கூட்டம் மொத்தமும் துணிப் பையும் கையுமாக இவளைத் தள்ளியது. கடைக்குள் பட்டப்பகலிலும் ட்யூப் லைட்தான், வெயில் எட்டிப் பார்க்காது. மணி பன்னிரண்டா மூன்றா என்று அங்கே எவருக்கும் தெரியப் போவதில்லை. போதாக்குறைக்கு மழைக் குளிர், பை சீக்கிரமே நிறைந்துவிடும். அவளுக்கு வாட்ச் ஒன்று கட்டிவிட எனக்கு ஏன் தோன்றவில்லை, பாவி, பாவி என்று தன்னைத் திட்டிக்கொண்டே படியிறங்கினாள்.

கடை வாசலில் செருப்பு மலை. உள்ளே கால் வைக்க இடமில்லை. முத்துலட்சுமி எக்கிப் பார்த்தாள். சேலைப் பக்கத்தில் ஏழெட்டுப் பெண்கள் அரைவட்டமாக உட்கார்ந்திருக்க, நடுவில் பாரதி. மடியைச் சுற்றிலும் பட்டும் நூலுமாக நாற்பது சேலை. எதிரே மடிசார் கட்டிய ஒரு மயிலாப்பூர் மாமி, பெண்ணுக்கு நிச்சயதார்த்தச் சேலை எடுக்க வந்தவள், எதையும் வேண்டாம் என்றும் சொல்லாமல் வேண்டும் என்றும் சொல்லாமல் உட்கார்ந்திருந்தாள்.

"பாரதி!" என்று கூப்பிட்டாள் முத்துலட்சுமி. அந்த இரைச்சலில் அது யார் காதில் விழும்?

அப்போதுதான் அவள் ஒன்றைக் கவனித்தாள். மாமி சேலையைத் தொட்டுப் பார்க்கக் கையை நீட்டினாள். பாரதியின் கண் சேலைக்குப் போகாமல் மாமியின் மணிக்கட்டுக்குப் போயிற்று. பக்கத்திலிருந்த ஆபீஸ் பெண் கை நீட்டினாள். அந்த மணிக்கட்டையும் பார்த்தாள். துணியைத் தடவிப் பார்க்க வருகிற கைகளில் பாதியில் வாட்ச் இருந்தது. சுவரில் கடியாரம் போனபிறகு அந்தப் பெண் இரண்டு மணி நேரமாகக் கைகளில் மணி பார்த்துக்கொண்டிருக்கிறாள். வாயைத் திறந்து கேட்டால் வியாபாரம் கெடும், அப்பாவின் சட்டம் உடையும் என்று, கேட்காமலே பார்த்துக்கொண்டிருக்கிறாள்! முத்துலட்சுமிக்கு வாசலில் அப்படியே கால் நின்றுவிட்டது.

பாரதி கையிலிருந்த சேலையை மடித்து ஓரமாக வைத்தாள். "மாமி, ஒரு பத்து நிமிஷம் உள்ள போயிட்டு வந்திருதேன்."

"என்னடிம்மா இது? பாதியில விட்டுட்டுப் போனா நான் என்ன பண்றது? அந்த மாம்பழக் கலரைப் பிரிச்சுக் காட்டிட்டுப் போயேன்."

கல்லாவிலிருந்து சுயம்புலிங்கம் நிமிர்ந்தார். கையில் வந்த பார்ட்டியைப் பாதியில் விட்டு எழுந்திருப்பது அந்தக் கடையில் கொலைக்குற்றம். முப்பது வருஷத்து நாக்கு தானாகப் பேசியது. "ஏட்டி, உக்காரு. மாமிக்கு முடிச்சுக் குடுத்துட்டு எந்திரி."

முத்துலட்சுமிக்கு உயிரே போயிற்று. அப்பா சொல்லைத் தட்டாத பெண். இன்னும் ஐந்து நிமிஷம் என்று உட்கார்ந்தால் எல்லாம் முடிந்தது.

"முடியாதுப்பா. மணி ஒண்ணு பத்து," என்றாள் பாரதி. கடைக்குள் முதன்முதலாக ஒருவர் வாய்விட்டு மணி சொன்னதில், சேல்ஸ்மேன்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவள் மாமி பக்கம் திரும்பினாள். குரல் உயரவுமில்லை, தாழவுமில்லை. "எனக்குப் பிறவியிலயே மூத்திரப்பை சரியில்ல மாமி. மூணு மணி நேரத்துக்கு ஒருக்கா நானே குழாய் போட்டு எடுத்து விடணும். எடுத்துட்டு வந்தா நாலு மணி வரைக்கும் நீங்க சொல்ற சேலயெல்லாம் பிரிச்சுப் போடுதேன். எடுக்காம உக்காந்தா உங்க சேலயும் போச்சு, நானும் போச்சு."

தோல்பையிலிருந்து பச்சை சோப்பு டப்பாவை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

அங்கிருந்த எல்லோர் கண்ணும், சுயம்புலிங்கம் கண், சேல்ஸ்மேன் கண், ஏன், முத்துலட்சுமி கண்ணும்தான், அவள் உட்கார்ந்திருந்த இடத்துக்குப் போயின. விரிப்பில் சம்மணம் போட்ட சுருக்கம் மட்டும் இருந்தது. சலவைக்காரன் கொண்டுவந்தபோது எப்படியோ அப்படியே வெள்ளை.

பாரதி அந்தக் கண்களையெல்லாம் பார்த்தாள். "காஞ்சுதான்ப்பா இருக்கு," என்றாள். சொல்லிவிட்டுப் பின்கட்டுக்கு நடந்தாள்.

சுயம்புலிங்கம் தலையைக் குனிந்துகொண்டார். மாமிதான் முதலில் வாயைத் திறந்தாள். "அதுக்கென்ன இப்போ? இதை முன்னாடியே சொல்லப்படாதோ? எனக்குச் சர்க்கரை. அரை மணிக்கு ஒரு தரம் எங்கேடா இடம்னு அலையறேன். இதுக்காகவே எந்தக் கடையிலயும் பாதியில எழுந்து ஆத்துக்கு ஓடிண்டிருக்கேன்." முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து, பின்கட்டைப் பார்த்துக் குரல் கொடுத்தாள். "ஏன்டிம்மா பொண்ணே, நீ வந்தப்புறம் எனக்கும் அந்த இடத்தைக் காட்டு. அந்த மாம்பழக் கலர் என்னோடது, வேற யாரும் தொடப்படாது."

ஆபீஸ் பெண் சிரித்துவிட்டாள். பாரதி ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்து, மாமிக்கு வழி காட்டிவிட்டு, முன்பு உட்கார்ந்த இடத்திலேயே சம்மணம் போட்டாள். வாசலில் நின்ற மதினியைப் பார்த்ததும், "எதுக்கு மதினி இப்படி நனஞ்சுட்டு வந்தீங்க?" என்று கேட்டாள். கேள்வியைப் பாருங்கள்!

முத்துலட்சுமி பதில் சொல்வதற்குள் மாமனார் பக்கத்தில் வந்து நின்றார். கண் சிவந்திருந்தது.

"ஜவஹர எங்க?"

"சாப்பிடுதாக மாமா."

"சாப்பிட்டது போதும்னு சொல்லு. அந்தக் கடியாரத்தத் தூக்கிட்டு வரச் சொல்லு."

ஜவஹர் கொண்டுவந்தான். சுயம்புலிங்கம் அதை வேறு யார் கையிலும் கொடுக்கவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தானே ஸ்டூலில் ஏறினார். மூத்த சேல்ஸ்மேன் ஓடி வந்து ஸ்டூலைப் பிடித்தான். "அண்ணாச்சி, சீசன்ல கடியாரமா? பார்ட்டியெல்லாம் மணியப் பாத்துட்டுப் போயிருமே!"

"போனாப் போறாங்க. நீ ஸ்டூல ஒழுங்காப் பிடி."

சேலைப் பக்கத்து விரிப்புக்கு நேர் எதிரே, பழைய ஆணியிலேயே மாட்டினார். சட்டை நுனியால் கண்ணாடியைத் துடைத்தார். பெண்டுலத்தை ஒரு விரலால் தட்டிவிட்டு, அது ஆடுகிறதா என்று நின்று பார்த்துவிட்டுத்தான் இறங்கினார். மாமி நாலு சேலை எடுத்துக்கொண்டு மூன்றரை மணிக்குத்தான் போனாள்.

முத்துலட்சுமி வீட்டுக்குப் போகவில்லை. ஒரு மூலையில் உட்கார்ந்து பில் போட்ட சேலைகளைப் பையில் போட்டுக்கொண்டிருந்தாள். மழை விட்டதும் கூட்டம் இரண்டு மடங்காயிற்று. கல்லாவில் கை ஓயவில்லை. கடியாரம் நாலடித்தது. அந்த இரைச்சலில் அது யாருக்கும் கேட்கவில்லை. பாரதிகூட ஒரு கல்யாணப் பார்ட்டிக்கு ஜரிகையைத் திருப்பிக் காட்டிக்கொண்டிருந்தாள்.

சுயம்புலிங்கத்துக்குக் கேட்டது. இருபது வருஷம் அந்தக் கோளாறைப் பற்றி வெளியே வாய் திறக்காத மனுஷன், கல்லாவை விட்டு எழுந்து நின்று, கடை முழுக்கக் கேட்கும்படி கூப்பிட்டார்.

"பாரதி! மணி நாலு ஆச்சும்மா. போயிட்டு வா. பார்ட்டிய நான் பாத்துக்கிடுதேன்."

"இந்தா போறேம்ப்பா," என்று பாரதி சோப்பு டப்பாவை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

முத்துலட்சுமி மாமனாரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் விரிப்பைப் பார்க்கவில்லை. மகள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.